பதினான்காம் பல்

ஸ்டாக்டன், கலிபோர்னியா
மே 10

அன்புள்ள மனாங் ஜோவி,

நான் அனுப்பிய செய்திகளை எல்லாம் நீங்கள் பார்த்துவிட்டதாக என் போன் காட்டுகிறது. பதில் மட்டும் வரவில்லை. அக்கா பதிலே போடவில்லை என்று அப்பாவிடம் புலம்பினேன். "என் அண்ணன் பொண்ணு சின்னதுலேருந்தே அப்படித்தான். வீட்டுக்கு ஆள் வந்தா கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவா. நீ உக்காந்து ஒழுங்கா ஒரு லெட்டர் எழுது, பதில் போடுவா" என்றார். எனவே இது லெட்டர். மின்னஞ்சலில் வருகிறதே என்று குறைத்து மதிக்காதீர்கள், தேதியெல்லாம் போட்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். பல் மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் அடுத்த மாதம் திறக்கிறது. போன வருடம் ஒரு கல்லூரிகூட என்னை நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. இந்த வருடமும் அப்படியே போனால் அவ்வளவுதான். அப்பா என்னைத் தன்னுடைய முதியோர் இல்லத்தில் வேலைக்கு உட்காரவைத்துவிடுவார். எங்கள் ஆலோசகர் மிஸ் ஹார்க்ரோவ் என் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, "மார்க் எல்லார்கிட்டயும்தான் இருக்கு டானிகா. வகுப்புக்கு வெளியே நீ என்ன பண்ணினே? அதைத்தான் பாப்பாங்க" என்றார்.

அதனால் இந்த ஒரு வருடமும் பண்ணிக்கொண்டே இருந்தேன். டாக்டர் வேலை செய்யும்போது மூலையில் நின்று பார்ப்பதை இங்கே நிழலாக நிற்பது என்போம். மூன்று டாக்டர்களுக்கு நிழலாக நின்றுவிட்டேன். கைத்திறனுக்காக சோப்புக்கட்டியில் பல் செதுக்குகிறேன், தோழிகளின் நகத்தில் பூ வரைகிறேன். எங்கள் பல் மருத்துவ மாணவர் மன்றத்துக்கு இப்போது நான்தான் தலைவி. தாத்தா இறந்தபோது ஒன்பது இரவும் செபத்துக்கு வந்தவர்களுக்கு நான்தானே பரிமாறினேன்? அதையும் சமூக சேவையில் சேர்த்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஜனவரியில் உங்கள் ஊருக்கு வந்த இலவச முகாம். அதுதான் என் மகுடம். அதற்கு உள்ளூர் டாக்டரிடமிருந்து ஓர் உறுதிக் கடிதம் வேண்டும். நீங்கள்தானே சான் லூகாஸ் நகராட்சியின் பல் டாக்டர்! நான் முகாமை முன்னின்று நடத்தினேன் என்றும், உங்கள் நேரடி மேற்பார்வையில் ஒரு பல்லைப் பிடுங்கினேன் என்றும் எழுதுங்கள். மாணவர்கள் நோயாளியின் வாயைத் தொட்டாலே சில கல்லூரிகளுக்குப் பிடிக்காது. டாக்டர் பக்கத்தில் நின்றார் என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால் அந்த "நேரடி மேற்பார்வை" முக்கியம்.

அந்தப் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கும் படம்தான் இன்னும் என் முகப்புப் படம். பார்த்தீர்களா?

முத்தங்கள்,
டானிகா


சான் லூகாஸ், இலோய்லோ
மே 17

இன்டாய் டானிகா,

படத்தைப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து தினமும் பார்க்கிறேன்.

சித்தப்பா சொன்னது சரி, தங்கச்சி. நேரில் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன், பிறகு வீட்டுக்குப் போய் என்னையே திட்டிக்கொண்டிருப்பேன். எழுதும்போதுதான் எனக்குக் கொஞ்சம் வாய் வருகிறது. பல் மருத்துவக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வுகளில் எல்லாம் நான் கடைசி. நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று ஊர்வாயிலில் பெரிய படம் கட்டினார்களே, அதைக் கழற்றும்வரை அந்த வழியாக நான் போகவே இல்லை.

நீ பல்லைப் பிடுங்கியபோது நான் உன் பக்கத்தில் இல்லை. நான் மேடையில் இருந்தேன். அதற்கு முன்னால் வரிசையில் நின்றவர்களின் வாயைப் பார்த்து, யாருக்கு எந்தப் பல் என்று டேப்பில் எழுதி ஒவ்வொருவர் சட்டையிலும் ஒட்டினேன். கடைசி ஆளுக்கு ஒட்டி முடிப்பதற்குள் மேயரின் செயலாளர் வந்து, "டாக்டர், மேயர் பேசறாரு, நீங்க பின்னாடி நிக்கணும், வெள்ளைக் கோட்டோட" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். கூடைப்பந்துத் திடல் முழுக்க வறுத்த பன்றியின் நெய் மணம். ஒரு பக்கம் மக்கள் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் உங்கள் குழுவுக்குப் பன்றியின் தோலைக் கத்தரித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடிந்து நான் இறங்கியபோது நீ படம் எடுத்துக்கொண்டிருந்தாய்.

தாத்தாவின் செபத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டதைச் சேவையாக எழுதியிருக்கிறாய். அது நம் தாத்தா.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். விண்ணப்பத்தில் எந்தப் பல்லைப் பிடுங்கியதாக எழுதியிருக்கிறாய்?

ஜோவி


ஸ்டாக்டன்
மே 18

மனாங்,

இது என்ன தேர்வா? பதினான்கு! மேலே, இடப்பக்கம், முதல் பெரிய கடைவாய்ப் பல். அந்தப் பெண்ணின் மஞ்சள் சட்டையில் உங்கள் கையெழுத்தில்தான் ஒட்டியிருந்தது, பெரிய எழுத்தில் 14 என்று. எனக்கு அது மறக்குமா?

எப்படி நடந்தது தெரியுமா? எங்கள் டாக்டர் வைட்டேக்கர் காலையிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிக் களைத்துப்போய், "யாருக்கு ஒண்ணு பிடுங்கிப் பாக்கணும்? ஊர்ல போய்ச் சொல்லிக்க ஒரு கதை வேணாமா?" என்றார். எல்லோரும் கை தூக்கினோம். "டானிகா, இது உங்க ஊர்தானே, நீயே பண்ணு" என்றார். நான் டேப்பைப் பார்த்துப் "பதினான்கு, டாக்டர்" என்று படித்தேன். அவர் ஊசி போட்டார். நான் இடுக்கியைப் பிடித்தேன். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, நல்ல உறுதியான வேர். ஆனால் முழுசாக வந்துவிட்டது! எல்லோரும் கை தட்டினார்கள். வைட்டேக்கர் என்ன சொன்னார் தெரியுமா? "உனக்குப் பிறவிக் கை" என்றார்.

தாத்தா விஷயம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடுகிறேன். எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் மனாங். எங்கள் மன்றத்தில் ஒருத்தன் தன் நாயின் பல்லைத் துலக்குவதையே எழுதியிருக்கிறான்.

கடிதம் எப்போது வரும்?

டானிகா


சான் லூகாஸ்
மே 29

இன்டாய்,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழித்தேன். எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. அதனால் அப்படியே சொல்கிறேன்.

உங்கள் நாட்டில் பற்களை ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை ஒரே வரிசையாக எண்ணுகிறீர்கள். எங்கள் நாட்டில் அப்படி இல்லை. வாயை நான்கு பாகமாகப் பிரிப்போம். முதல் எண் பாகத்தைச் சொல்லும், இரண்டாவது எண் பல்லைச் சொல்லும். நான் எழுதியது பதினான்கு இல்லை. ஒன்று, நான்கு. மேலே வலப்பக்கம், நடுவிலிருந்து நான்காவது. சின்னப் பல். பாதி உடைந்து, உள்ளே கறுத்து, சீழ் பிடித்திருந்த பல்.

நீ பிடுங்கியது மேலே இடப்பக்கத்துப் பெரிய கடைவாய்ப் பல். அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

மேடையிலிருந்து இறங்கி வந்தபோது அது உன் உள்ளங்கையில் இருந்தது. வெள்ளையாக, மூன்று வேரும் முழுதாக. நான் எழுதிய பல்லுக்கு மூன்று வேர் கிடையாது. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. நீ என் தோளில் கை போட்டு, "மனாங், சிரிங்க!" என்றாய். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன். ஓரத்தில், பாதி முகம்.

உடனே போய் உங்கள் வைட்டேக்கரிடம் சொன்னேன். என் குரல் உனக்குத் தெரியுமே, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மறுபடி சொன்னேன். அவர் அந்தப் பெண்ணின் சட்டையில் இருந்த டேப்பைப் பார்த்தார், டிரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "அதுவும் இன்னிக்கோ நாளைக்கோ கெட்டுப்போற பல்லுதான் டாக்டர், இவங்க எங்க பல்லைப் பாத்துக்கப்போறாங்க?" என்று என் முதுகில் தட்டினார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. ரத்தம் பட்ட அந்த வெள்ளைக் கோட்டைப் பிறகு வீட்டில் ஊறவைத்தேன், கறை போகவில்லை. பிறகு செயலாளர் வந்து, "சாப்பிட வாங்க டாக்டர், பன்னித் தோல் ஆறிடும்" என்றார்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் என் அறை வாசலில் நின்றாள். பெயர் ரோசெல். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. "டாக்டர், பிடுங்கியும் வலிக்குதே, ஏன்?" என்று கேட்டாள். கெட்ட பல் அப்படியே இருந்தது. அதை நான் பிடுங்கினேன். முதல் நாள் என்ன நடந்தது என்பதையும் அவளிடம் சொன்னேன். நாக்கை இடப்பக்கம் கொண்டுபோய் அந்தக் குழியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

உன் முகப்புப் படத்தை மாற்று. மற்றதைப் பிறகு பேசலாம்.

ஜோவி


ஸ்டாக்டன்
ஜூன் 2

மனாங்,

படித்துவிட்டு வாந்தி எடுத்தேன். நிஜமாகவே.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அமெரிக்கக் குழு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் எப்படி எண்ணுவோம் என்றும் தெரியும். பாடத்தில் இரண்டும் இருக்குமே. "வலது மேல்" என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே? ஒரு வட்டம் போட்டிருக்கலாமே? எழுதியது நீங்கள், ஊசி போட்டது வைட்டேக்கர். நான் படித்ததைச் செய்தேன். இதில் என் தப்பு எங்கே வருகிறது? நான் வெறும் மாணவி.

ஐந்து மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, எனக்குக் கடிதம் தேவைப்படும்போது சொல்கிறீர்கள். அப்பா ரொம்ப வருத்தப்பட்டார். உங்கள் அப்பாவுக்குப் போன் செய்யப்போகிறாராம்.

படத்தை மாற்றிவிட்டேன்.

மனாங், உங்களுக்குப் புரியாது. நீங்கள் ஒரு தேர்வு எழுதினீர்கள், உள்ளே போனீர்கள். இங்கே அப்படி இல்லை. நான் யார் என்று ஒவ்வொரு கட்டத்திலும் நிரப்பிக் காட்ட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் நான் இல்லை என்று அர்த்தம். போன வருடம் எல்லாக் கல்லூரியும் இல்லை என்ற பிறகு மூன்று வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மா கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டுப் போவார். மறுபடி அப்படி என்னால் முடியாது.

பல்லைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். முகாமை நடத்தினேன் என்று மட்டும் எழுதுங்கள். அது போதும்.

டானிகா


சான் லூகாஸ்
ஜூன் 14

இன்டாய்,

சித்தப்பா போன் செய்தார். அப்பா சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"ஒரு காகிதம்தானே கேக்கறா. எழுதிக் குடுத்துத் தொலையேன்."

"என்னன்னு எழுதறது?"

"நல்ல பொண்ணு, நல்லா வேலை பாத்தான்னு எழுது."

"பல்லை மாத்திப் பிடுங்கிட்டாளே, அப்பா."

"பல்லுதானே? எனக்குந்தான் பாதி இல்ல. நான் சாப்பிடலையா?" என்று மீன் தலையை எடுத்து உறிஞ்சினார். பிறகு, "எல்லாத்தையும் படிக்கவச்சேன், வாழத் தெரிஞ்சுக்கலையே நீ" என்றார். அதிலிருந்து பேசவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், "வலது மேல்" என்று எழுதியிருக்கலாம். இப்போது எழுதுகிறேன், ஒவ்வொரு டேப்பிலும் அம்புக்குறியும் போடுகிறேன். ஆனால் வாயைத் திறந்து பார்த்தவர்கள் நீங்கள் இரண்டு பேர். ஒரு பக்கம் சீழ் வழிகிறது, மறுபக்கம் நல்ல பல். எண்ணைப் பார்த்தாய், வாயைப் பார்க்கவில்லை. உனக்கு ஒரு பல் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ரோசெலைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வயது பத்தொன்பது. கடல்சார் பள்ளியில் கப்பலோட்டப் படித்தவள். அந்த வகுப்பில் பெண்கள் நாலைந்து பேர்தான். ஒரு கப்பல் கம்பெனி பயிற்சிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது. மருத்துவச் சோதனைக்கு முன்னால் அந்தச் சீழ்ப் பல்லை எடுத்துவிடலாம் என்றுதான் முகாமுக்கு வந்தாள். அவளுக்குக் கீழே வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் சின்ன வயதிலேயே போய்விட்டன. இடப்பக்கத்தை வைத்துத்தான் மென்றுகொண்டிருந்தாள். மார்ச்சில் கம்பெனி டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, மேலும் கீழும் சேர்ந்து கடிக்கிற பற்கள் போதாது என்று எழுதிவிட்டார். "நடுக்கடல்ல பல் டாக்டர் கிடையாதும்மா" என்றாராம். கட்டுப்பல்லை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. நான் இரண்டு முறை அந்த ஆபீஸுக்குப் போய்ப் பேசினேன். பேசினேன் என்றா சொல்வது, நின்றேன். இப்போது அவள் படகுத்துறையில் வறுத்த கோழி விற்கிறாள்.

உறுதிக் கடிதம் தருகிறேன். அதில் இப்படித்தான் இருக்கும்: "டானிகா பால்மாரெஸ் முகாமில் டாக்டருக்கு விளக்குப் பிடித்தார், கருவிகளைக் கழுவினார். ஒரு நோயாளிக்குத் தவறான பல்லைப் பிடுங்கினார். அப்போது நான் அருகில் இல்லை." வேண்டுமென்றால் சொல், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

ஜோவி


ஸ்டாக்டன்
ஜூன் 27

என் தங்கமான மனாங்,

வேண்டும்! அப்படியே வேண்டும்! ஒரு எழுத்துகூட மாற்றாதீர்கள்!

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அழுதேன். பிறகு மிஸ் ஹார்க்ரோவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். என்னைத் திட்டுவார், விண்ணப்பத்தையே கிழிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "டானிகா, இதை ஏன் நீ இத்தனை நாள் மறைச்சே? பல்லைப் பிடுங்கினேன்னு எழுதறவங்க ஆயிரம் பேர். தப்பான பல்லைப் பிடுங்கினேன், அதுலேருந்து கத்துக்கிட்டேன்னு எழுதறவங்க யாரு இருக்காங்க? இதுதாம்மா உன் கதை!" என்றார்.

அதனால் என் சுயவிவரக் கட்டுரையை முழுவதும் மாற்றிவிட்டேன். இப்போது அது மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண்ணில் தொடங்குகிறது. இரண்டு நாடுகள், ஒரே எண், இரண்டு அர்த்தங்கள். அதுதான் பணிவைப் பற்றிய என் முதல் பாடம். படித்துவிட்டு மன்றத்தில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். அந்த நாய்க்காரன், "ச்சே, எனக்கு இப்படி ஒண்ணு நடக்கலையே" என்றான்.

கட்டுரையில் ரோசெலுக்கு கிரேஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன், அவளுடைய அந்தரங்கத்துக்காக. கப்பல் விஷயத்தையும் சேர்த்துவிட்டேன், ரொம்ப நன்றி, அது இல்லாமல் நடுவில் கொஞ்சம் தொய்வாக இருந்தது. அவளுடைய படம் ஒன்று கிடைக்குமா? எங்கள் மன்றத்தின் சுவரொட்டிக்கு. சிரித்தமாதிரி, ஆனால் வாயை ரொம்பத் திறக்காமல்.

நீங்கள் சொன்னதுபோல உண்மையைச் சொல்லிவிட்டேன் மனாங். மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா!

டானிகா


சான் லூகாஸ்
ஜூலை 8

டானிகா,

கடிதம் அனுப்பமாட்டேன்.

நான் தினமும் சீழ் வடிக்கிறேன். அழுகிய ஈறு, புகையிலைச் சாறு, ஒரு வாரம் மூடியே வைத்த வாயின் நாற்றம், எல்லாம் எனக்குப் பழக்கம். உன் கடிதத்தைப் படித்தபோதுதான் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "நடுவில் தொய்வாக இருந்தது" என்று எழுதியிருக்கிறாய். அவளுடைய கப்பல் உன் கட்டுரையின் தொய்வைச் சரிசெய்தது.

முதலில் அவள் பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாய். இப்போது அதே கையில் பல் இருந்த குழியை வைத்துக் காட்டுகிறாய். நான் சொன்ன உண்மை உனக்கு இன்னொரு கட்டத்தை நிரப்பிவிட்டது. உன்னை எதைக் கொண்டு அடித்தாலும் அதை எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டிக்கொள்வாய்போல.

ரோசெலிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினாயா? அவள் முகவரியையாவது கேட்டாயா? படம்தான் கேட்டாய்.

இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் என் அன்பைச் சொல்.

ஜோவி


ஸ்டாக்டன்
நவம்பர் 9

அன்புள்ள மனாங்,

எழுதாதே என்றீர்கள். நாலு மாதம் எழுதவில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை, இந்த ஒரு முறை மட்டும் படியுங்கள்.

உறுதிக் கடிதத்தை டாக்டர் வைட்டேக்கர் கொடுத்துவிட்டார். என் தைரியத்தைப் பாராட்டி எழுதியிருக்கிறார். போன வாரம் நேர்முகம். எனக்கு ரொம்பப் பிடித்த கல்லூரி, வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சோப்பு, நகம், மன்றம் எதைப் பற்றியும் கேட்கவில்லை. கிரேஸைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள்.

ஒரு பெண் பேராசிரியர், "அந்த நேரத்தில் அவ என்ன பண்ணினா?" என்று கேட்டார். நான் சொன்னேன்: பல்லைப் பிடுங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் இருந்தாலும் என்னை நம்பினாள். முடிந்ததும், "பரவாயில்லை, நீங்க ஒரு நாள் நல்ல டாக்டரா வருவீங்க" என்றாள். அந்தப் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மனாங். சத்தியமாக.

கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். கையைப் பிடித்தது நிஜம், மனாங், நன்றாக ஞாபகம் இருக்கிறது, விரல் பதிந்த இடம் சிவந்துவிட்டது. அவள் சொன்ன வார்த்தை மட்டும்... ஏதோ சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

இப்போது கல்லூரியிலிருந்து உங்களுக்கு ஒரு கேள்வி வரும். வெளிநாட்டு முகாம் என்பதால் உள்ளூர் டாக்டரிடம் ஒருமுறை கேட்பார்களாம். கட்டுரையின் அந்தப் பகுதியை அனுப்பி, "இது நடந்ததா? ஆம், இல்லை" என்று. அவ்வளவுதான். ஆம் என்று ஒரு வார்த்தை. விளக்கம் வேண்டாம். டிசம்பரில் முடிவு சொல்வார்கள். எல்லாம் இப்போது அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

என் மேல் உங்களுக்கு அருவருப்பு என்று தெரியும். இருக்கட்டும். உள்ளே போனபிறகு நல்ல டாக்டராக வருவேன். படித்து முடித்ததும் நேராக சான் லூகாஸுக்கு வந்து, ரோசெலுக்கு இலவசமாகச் செயற்கைப் பல் பொருத்துவேன். சத்தியம். அவளிடம் சொல்லுங்கள். நான் மன்னிப்புக் கேட்டேன் என்றும் சொல்லுங்கள்.

தயவுசெய்து, மனாங்.

டானிகா


சான் லூகாஸ்
நவம்பர் 21

இன்டாய் டானிகா,

கல்லூரியின் கேள்வி வந்தது. நடந்ததா என்று என்னைக் கேட்கிறார்கள். நானோ அப்போது மேடையில் மேயருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவள். அதனால் அங்கே இருந்தவளிடம் கேட்கப் போனேன்.

சனிக்கிழமை, படகு வருகிற நேரம், கூட்டம். ரோசெல் கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கோழிக்கொழுப்பு கரியில் சொட்டி அந்த இடமே புகை. கட்டுரையில் அவளைப் பற்றிய பகுதியை நம் பாஷையில் சொல்லிக் காட்டினேன். எனக்குக் கூச்சமாக இருந்தது, யாரோ ஒருத்தியின் உள்ளாடையை நடுத்தெருவில் பிரித்துக் காட்டுகிறமாதிரி.

"கிரேஸா? யாரு கிரேஸ்?" என்றாள்.

"நீதான்."

"பேரு நல்லாத்தான் இருக்கு. மேல படிங்க, டாக்டர்."

படித்தேன். "பரவாயில்லை, நீங்க ஒரு நாள் நல்ல டாக்டரா வருவீங்க" என்ற இடத்தில் அவள் கம்பியை விட்டுவிட்டுச் சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"எப்படி டாக்டர் சொல்லியிருப்பேன்? வாய் நிறையப் பஞ்சைத் திணிச்சு, கடிச்சுக்கோ, பேசாதேன்னு சைகை காட்டினதே அவதான். சொல்லியிருந்தாலும் அவளுக்கு நம்ம பாஷை தெரியுமா? 'நன்றி'யையே தப்பாச் சொல்லிட்டுத் திரிஞ்சா."

"கையைப் பிடிச்சது?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கோழியை எடுத்து, வெட்டி, வாழையிலையில் சுற்றி, காத்திருந்தவருக்குக் கொடுத்தாள். பிறகுதான் பேசினாள்.

"பிடிச்சேன். ரெண்டு கையாலயும் பிடிச்சேன். ஊசியைத் தப்பான பக்கம் போடறப்பவே தலையை ஆட்டினேன், அந்தக் கிழவன் நெத்தியைப் பிடிச்சு அமுக்கிட்டான். அவ இடுக்கியை உள்ள விட்டதும் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்தேன். இந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு விரலால காட்டினேன். அவ என்னைப் பாத்து நல்லாச் சிரிச்சா, டாக்டர். என் கையைத் தட்டிக் குடுத்தா. தட்டிக் குடுத்து, எடுத்து என் மடியிலயே வச்சுட்டு, பிடுங்கினா."

நீ மன்னிப்புக் கேட்டதைச் சொன்னேன், செயற்கைப் பல் விஷயத்தையும் சொன்னேன். "நாலு வருஷம் கழிச்சா?" என்றாள். "கோழி வேணுமான்னு கேளுங்க. அது இப்பவே இருக்கு." அடுத்த ஆளைப் பார்த்து விலை சொல்லத் தொடங்கிவிட்டாள்.

திரும்பி வந்து "இல்லை" என்பதைக் குறித்தேன். அவர்கள் விளக்கம் கேட்கவில்லை, ஆனால் கீழே இடம் இருந்தது. ரோசெல் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன், அவளுடைய சொந்தப் பெயரோடு. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். டேப்பில் எண்ணை மட்டும் எழுதியது நான்தான் என்பதையும் எழுதினேன். நேற்று அனுப்பியாகிவிட்டது. உனக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக்கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

சித்தப்பா இனி என் அப்பாவோடு பேசுவாரா என்று தெரியவில்லை. ஜனவரியில் வைட்டேக்கரின் குழு மறுபடி வருகிறது. உள்ளூர் டாக்டர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேயர் வேறு டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கிறார், அந்தக் கையெழுத்துக்கு மட்டுமல்ல, என் வேலைக்கும்தான்.

இந்தக் கல்லூரி இல்லாவிட்டால் வேறொன்று உன்னை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டால், நோயாளியின் பக்கத்தில் நிற்கவிடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லித்தருவார்கள். அப்போது கவனமாகக் கேள். நோயாளி கையைத் தூக்கினால், உன் கையைப் பிடித்தால், நிறுத்த வேண்டும். பல்லின் எண்தான் ஊருக்கு ஊர் மாறும். இது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஜோவலின் பால்மாரெஸ்